மிதித்தால் கரும்புகை, மேட்டில் மந்தம்: டர்போ டீசல் காரில் இன்டர்கூலர் கசிவைக் கண்டுபிடிப்பது

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். இருபத்தைந்தைத் தாண்டுவதற்குள் என் வண்டி முனக ஆரம்பித்துவிட்டது. 1.3 லிட்டர் டர்போ டீசல், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது. மிதிக்க மிதிக்கப் பின்பக்கக் கண்ணாடியில் கரும்புகைதான் பெருகியது, வேகம் கூடவில்லை. எனக்குப் பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனிலேயே திட்டினார்.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினேன். பானட்டைத் திறந்து, வண்டியை நியூட்ரலில் நிறுத்தி நாலு முறை முறுக்கிப் பார்த்தார்கள். கசிவுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை, புகை மட்டும் லேசாக வந்தது. “டர்போ போய்விட்டது, 40,000 ரூபாய் ஆகும்” என்றார்கள். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவுக்கு ஒன்றும் ஆகவில்லை. டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிவயிற்றில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். புது ஹோஸும் கிளாம்பும் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது.

நியூட்ரலில் முறுக்கிப் பார்த்ததுதான் அங்கே நடந்த தவறு. எஞ்சினுக்குச் சுமை இல்லாவிட்டால் டர்போ ஏறக்குறைய சும்மாதான் சுற்றும். அழுத்தமே ஏறாத குழாயில் கசிவு எப்படித் தெரியும்? இந்த வகைக் கோளாறு முழுவதும் சுமையில் மட்டும் வாய் திறப்பது. நிறுத்திவைத்துப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்.

காற்று போகும் வழி

வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர், அதை ஒட்டி, உள்ளே வரும் காற்றை எடைபோடும் மாஃப் சென்சார், டர்போ, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குச் செல்லும் சூடான குழாய், இன்டர்கூலர், அங்கிருந்து எஞ்சினுக்குத் திரும்பும் குளிர்ந்த குழாய், கடைசியில் இன்டேக் மேனிஃபோல்டு. மேனிஃபோல்டிலோ அதற்குச் சற்று முன்போ அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உட்கார்ந்திருக்கும்.

டர்போ காற்றை அமுக்கும்போது அது சூடாகும். வெளியே 35 டிகிரி இருக்கும் காற்றை இரண்டு மடங்குக்குச் சற்று மேல் அமுக்கினால், வெப்பம் 140 டிகிரியைத் தொட்டுவிடும். சூடான காற்று விரிந்து கிடக்கும். ஒரு சிலிண்டருக்குள் அடங்கும் ஆக்சிஜன் குறையும். இன்டர்கூலர் அதை 50, 60 டிகிரிக்கு இறக்கி அடர்த்தியாக்கி அனுப்புகிறது. பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னாலோ பக்கத்திலோ சின்ன ரேடியேட்டர் போலத் தெரிவதுதான் அது. தண்ணீருக்குப் பதிலாக உள்ளே காற்று ஓடும்.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் ஆள் எண்ணி, 100 பேர் என்று சமையல்கட்டுக்குச் சொல்கிறார். நடுவில் பக்கக் கதவு திறந்திருக்கிறது, 30 பேர் அப்படியே வெளியே நடந்துவிடுகிறார்கள். பந்தியில் 70 இலைதான் விழுகிறது, சமைத்ததோ 100 பேருக்கு. வாசலில் எண்ணுபவர் மாஃப் சென்சார், பந்தியைப் பார்ப்பவர் மேப் சென்சார், மீந்துபோன சோறு கரும்புகை. டீசல் எஞ்சினின் கணினி, வந்த காற்றுக்கு மேல் எரிபொருள் போகாமல் தடுக்க மாஃப் சொல்லும் கணக்கைத்தான் பெரும்பாலும் நம்புகிறது. டர்போவுக்குப் பின்னால் காற்று தப்பினால் கணக்கு அங்கேயே பிசகுகிறது. இனி வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பிசகிலிருந்து கிளைப்பவை.

மேட்டில் இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை

இதுதான் மிகப் பொதுவான முகம். நகருக்குள் மெதுவாக ஓட்டும்போது குறை தெரியாது. நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு மேல், மூன்றாம் கியரில் முந்துவதற்காக அழுத்தும்போதோ பாலம் ஏறும்போதோ வண்டி தயங்கும், கூடவே கருப்பாகப் புகையும். மைலேஜும் இறங்கியிருக்கும், இழுவை குறைந்ததை ஈடுகட்ட நாமே அதிகம் மிதிக்கிறோம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

புகையின் நிறத்தை ஒழுங்காகப் பாருங்கள். கருப்பு என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை. நீலம் என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. சூடான எஞ்சினிலிருந்து தொடர்ந்து வெள்ளையாக வந்தால் இன்ஜெக்டர் பக்கமோ கூலன்ட் பக்கமோ தேட வேண்டும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் இந்தக் குறிப்பு உதவாது.

கருப்பாக இருந்தாலும் இன்டர்கூலர் பக்கம்தான் கோளாறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் இதே மந்தம், இதே கரும்புகைதான். வித்தியாசம் என்னவென்றால், இஜிஆர் மாட்டிக்கொண்ட வண்டி பெரும்பாலும் ஐடிலிலும் தாழ்ந்த சுற்றிலும்கூடத் தடுமாறும், கசிவு வண்டி ஐடிலில் சாதுவாக நிற்கும். ஏர் ஃபில்டரை ஒரு முறை வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. கிளட்ச் வழுக்கினால் சுற்று எகிறும், வேகம் ஏறாது, கருகிய வாடை வரும்; அதைக் கசிவோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

பிஎஸ்-6 வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருப்பதால், கசிவு இருந்தாலும் புகை வெளியே தெரியாது. கரி அத்தனையும் அந்த வடிகட்டிக்குள் சேரும். அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் விளக்கு எரியும். வடிகட்டியை மட்டும் சுத்தம் செய்து வாங்கி, இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே விளக்கோடு போய் நிற்பவர்களை ஹோஸ்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மிதிக்கும்போது மட்டும் “உஸ்”

டர்போவுக்கென்று ஓர் இயல்பான ஊளை உண்டு. மெல்லியது, சுற்று ஏற ஏறச் சுருதியும் ஏறும். கசிவுச் சத்தம் வேறு: குக்கர் விசில் அடிப்பதற்கு முன் வெய்ட்டைச் சுற்றி வரும் சீறல் போன்றது. சுருதி ஏறாது, அளவுதான் கூடும். காலை எடுத்தவுடன் சட்டென்று நிற்கும்.

கேட்பதற்கு நல்ல இடம் ஒரு பக்கம் மதில் சுவர் இருக்கும் சாலை. கண்ணாடியை இறக்கி, மூன்றாம் கியரில் 1,500 சுற்றிலிருந்து முழுதாக மிதியுங்கள். சுவரில் பட்டு வரும் சத்தம், உள்ளே உட்கார்ந்து கேட்பதைவிடத் துல்லியமாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து சீறுகிறது என்பதையும் சொல்லிவிடுவார். சீறலோடு “டிக் டிக்” என்ற தட்டலும், பானட்டுக்குள் புகை வாடையும் சேர்ந்து வந்தால் அது டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிவு. அந்த இடத்தில் கரி அப்பியிருக்கும். இழுவையை அதுவும் குறைக்கும், ஆனால் அதற்கான மருந்து வேறு.

“படார்” என்று ஒரு சத்தம், பிறகு உயிரே இல்லை

ஹோஸ் முழுதாகக் கழன்றுவிட்டது. கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது முன்பு யாரோ கழற்றி மாட்டியவர் எண்ணெய்ப் பசையைத் துடைக்காமல் மாட்டியிருப்பார். கம்பிக் கொக்கி போட்டுச் சொருகும் இணைப்புகளில் கொக்கி பாதி மட்டும் உட்கார்ந்திருந்தாலும் இப்படி ஆகும். சில வாரம் தாங்கிவிட்டு, ஒரு நாள் நெடுஞ்சாலையில் பிய்த்துக்கொள்ளும்.

வண்டி நிற்காது, டர்போ இல்லாத வண்டி போல ஓடும். ஓடுகிறதே என்று 200 கிலோமீட்டர் போகாதீர்கள். இரண்டு காரணம். கழன்ற வாய் வழியாக எஞ்சின் வடிகட்டாத காற்றை உறிஞ்சும், புழுதி நேராகச் சிலிண்டருக்குப் போகும். அடுத்தது டர்போ. அழுத்தம் ஏறவில்லை என்று கணினி அதை மேலும் மேலும் விரட்டும். இறக்கைகளைத் திருப்பிக் கட்டுப்படுத்தும் விஜிடி வகை டர்போவில் இது இன்னும் மோசம். சின்ன டர்போக்கள் நல்ல நாளிலேயே நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று போகக்கூடியவை; எதிர்ப்பே இல்லாமல் சுழன்றால் அதன் பேரிங் தேயும். 2,000 ரூபாய் ஹோஸை அலட்சியப்படுத்தினால் பட்டறைக்காரர் பொய்யாகச் சொன்ன 40,000 ரூபாய் மெய்யாகிவிடும்.

எஞ்சின் விளக்கு எரிகிறது, வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போக மறுக்கிறது

நிறுத்தி, சாவியைத் திருப்பி, மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அடுத்த மேட்டில் திரும்பவும் அதே கதை. கணினி தற்காப்புக்காகச் சக்தியைக் குறைத்திருக்கிறது. ஸ்கேனரில் பெரும்பாலும் பி0299 என்ற கோளாறுக் குறியீடு வரும்: எதிர்பார்த்த டர்போ அழுத்தம் கிடைக்கவில்லை. சில வண்டிகளில் பி2263 வரலாம், அல்லது மாஃப் கணக்கு பொருந்தவில்லை என்று பி0101 வரலாம். பி0101 வந்ததும் மாஃப் சென்சாரை மாற்றிவிடுபவர்கள் நிறைய. எண்ணியவர் சரியாகத்தான் எண்ணினார், பக்கக் கதவுதான் திறந்திருந்தது. பி0234 வந்தால் அது அழுத்தம் மிஞ்சியதற்கானது. கசிவைத் தேடுவதை விட்டுவிட்டு டர்போவின் கட்டுப்பாட்டுப் பகுதியைப் பாருங்கள்.

பி0299 என்பது அறிகுறிக்குத்தான் எண், காரணத்துக்கு இல்லை. அழுத்தம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு அரை டஜன் பதில் உண்டு.

எண்களை வைத்துப் பிரித்தறிதல்

காரின் கணினியோடு பேச, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சொருகும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியும் கைப்பேசியில் ஒரு செயலியும் போதும். இந்தக் கோளாறுக்கு அதைவிட நல்ல முதலீடு கிடையாது என்பேன். திரையில் மூன்று எண்களை வையுங்கள்: எஞ்சின் சுற்று, மேப் அழுத்தம் கிலோபாஸ்கலில், மாஃப் அளவு நொடிக்கு எத்தனை கிராம் என்று.

முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். மேப் அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 101 சுமார், ஊட்டியில் 77 அளவில். இதில் பெரிய பிசகு இருந்தால் சென்சாரே கரி பிடித்துக் கிடக்கிறது, முதலில் அதைத் துடையுங்கள். மலையூர்க்காரர்கள் சமவெளியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

பிறகு போக்குவரத்து இல்லாத நேராக நீளும் சாலையில், பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்க, மூன்றாம் கியரில் 1,500 சுற்றிலிருந்து முழுதாக மிதியுங்கள். முழு மிதியில் இஜிஆர் மூடிக்கொள்ளும் என்பதால் கணக்கு குழம்பாது. 2,500 சுற்றைத் தொடும்போது மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான சின்ன டீசலில் மேப் 200 முதல் 240 வரை போகும். வண்டிக்கு வண்டி மாறும். பல செயலிகள் காட்டும் பொது அளவீடு 255-க்கு மேல் ஏறாது, அதையும் நினைவில் வையுங்கள்.

இனி கணக்கு. எஞ்சின் கொள்ளளவை லிட்டரிலும், சுற்றையும், மேப் அழுத்தத்தையும் பெருக்கி 12,000-ஆல் வகுத்தால், சிலிண்டர்களுக்குள் நொடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது என்று தோராயமாக வரும். காற்று 50 டிகிரியில் இருக்கிறது, சிலிண்டர் 90 சதவீதத்துக்குச் சற்று மேல் நிரம்புகிறது என்ற அனுமானத்தில் நான் போட்டுவைத்த சுருக்கம் இது. பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும்.

என் வண்டியில் 1.25 லிட்டர் (1.3 என்று சொல்லும் எஞ்சினின் சரியான கொள்ளளவு), 2,500 சுற்று, மேப் 150. பெருக்கி வகுத்தால் 39 கிராம். மாஃப் காட்டியதோ 54. வாசலில் 54 நுழைந்திருக்கிறது, பந்திக்கு 39 வந்திருக்கிறது. நொடிக்கு 15 கிராம் எங்கேயோ தப்புகிறது. காரிலிருந்து இறங்காமலே, பானட்டைத் திறக்காமலே டர்போவுக்குப் பின்னால்தான் கசிவு என்பது தெரிந்துவிட்டது. காற்றை உள்ளே இழுக்கும் டர்போ ஒழுங்காகத்தான் உழைக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிட்டது.

மாஃபும் குறைவு, மேப்பும் குறைவு, இரண்டும் கணக்கில் ஒத்துப்போகின்றன என்றால் கதை வேறு. காற்றே போதுமான அளவு உள்ளே வரவில்லை. அடைத்த ஏர் ஃபில்டர், விஜிடி டர்போவை இயக்கும் வாக்குவம் குழாயில் வெடிப்பு, இறுகிப்போன டர்போ இறக்கைகள், இவற்றில் ஒன்று. இவற்றில் வாக்குவம் குழாயை முதலில் பாருங்கள். பென்சில் தடிமன்கூட இல்லாத அந்த ரப்பர் குழாய் காய்ந்து உதிரும், எலிக்கும் பிடிக்கும். இரண்டு எண்ணும் நன்றாக இருந்து, இழுவை மட்டும் இல்லை, புகையும் இல்லை என்றால் காற்றை விட்டுவிட்டு டீசல் ஃபில்டரிடம் போங்கள்.

கண்ணும் கையும்

எஞ்சின் நன்றாக ஆறட்டும். கீழ்த்தட்டு இருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஹோஸின் வெளிப்புறத்தில் புழுதி அப்பிய எண்ணெய்த் திட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். எஞ்சினின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் எண்ணெய் ஆவி டர்போ வழியாக இந்தக் குழாய்களுக்குள் போய்க்கொண்டே இருக்கும்; உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. வெடிப்பு இருந்தால் காற்றோடு அந்த எண்ணெயும் வெளியே தெறித்து, புழுதியைப் பிடித்துக் கருத்துப்போகும். கசிவே தன் முகவரியை எழுதிவைப்பது போல. ஒன்று மட்டும் கவனம்: இன்டர்கூலரைக் கவிழ்த்தால் அரை டம்ளருக்கு மேல் எண்ணெய் கொட்டுகிறது என்றால் அது ஆவி சேர்ந்ததாக இருக்காது. எண்ணெய் அளவு கூடுதலா, டர்போ சீல் போய்விட்டதா என்று பாருங்கள். தேங்கிய எண்ணெயை எஞ்சின் மொத்தமாக உறிஞ்சினால் சாவியை எடுத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்து டீசலுக்கு உண்டு.

என் ஹோஸை மேலிருந்து பார்த்தபோது புதிது போல இருந்தது. கைப்பேசியின் விளக்கைப் போட்டு, வீடியோ ஓடவிட்டு, அடியில் கையை நுழைத்துச் சுற்றிவந்தேன். திரையில் ஒரு கோடு தெரிந்தது, அழுக்குக் கோடு என்றே நினைத்தேன். ஹோஸைக் கழற்றி இரண்டு கையாலும் வளைத்தபோது அந்தக் கோடு உதடு பிரிவது போல மெல்லத் திறந்தது. உள்ளே நூல் பின்னல் வெளுத்துத் தெரிந்தது. கையை விட்டால் மூடிக்கொண்டது. மூடியிருக்கும்போது விரலால் தடவினாலும் பிடிபடவில்லை. ஹோஸை வளைக்காமல் “பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது” என்று சொல்பவரை நம்பாதீர்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும் வகையில் ஒவ்வொரு மடிப்பின் பள்ளத்தையும் விரித்துப் பார்க்க வேண்டும். உராயும் இடங்களையும், ஃபேன் கூட்டில் தொடும் இடத்தையும் விட்டுவிடக் கூடாது.

காற்றடைத்துப் பார்த்தல்

கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை, எண்கள் மட்டும் கசிவு என்கின்றன என்றால் குழாய் வழி முழுவதிலும் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பதுதான் வழி. டர்போவின் உள்வாங்கும் வாயில் ஹோஸைக் கழற்றி, அந்த அளவுக்கு ஓர் அடைப்பு செய்துகொள்ள வேண்டும். லேத் பட்டறையில் நைலான் கட்டையைக் கடைந்து, நடுவில் 11.5 மில்லிமீட்டர் துளை போட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வைச் சொருகினால் ஆயிற்று. பிவிசி மூடியில் செய்பவர்களும் உண்டு. பிவிசி காற்றழுத்தத்தில் வெடித்தால் கண்ணாடிச் சில்லு போலச் சிதறும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

மூச்சுக்குழாய் சேரும் வாயைத் தனியாக அடையுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் எஞ்சினின் அடிப்பகுதிக்குப் போய் சீல்களைத் தள்ளிவிடும். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 15 பிஎஸ்ஐ-யில் நிறுத்துங்கள், 20-ஐத் தாண்டவே வேண்டாம். அடைப்புக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். பிய்த்துக்கொண்டால் அது கல்லெறி போல வரும்.

இனி சோப்புத் தண்ணீர். பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் அடித்துக்கொண்டே போனால், கசியும் இடத்தில் நுரை பூக்கும். பெரிய கசிவு நுரையை ஊதித் தள்ளிவிடும், அங்கே காதும் கையும் சொல்லும்.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசாகச் சீறும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்; டர்போ சீல் வழியாகவும் பிஸ்டன் வளையங்கள் வழியாகவும் கொஞ்சம் கசிவது இயல்பு. சைலன்சர் வழியாகப் பலமாகக் காற்று வந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் திறந்த நிலையில் எஞ்சின் நிற்கிறது. கிராங்க் புல்லியை ஸ்பானரால் சற்றே திருப்புங்கள். திருப்பிய பிறகும் அதே பலத்தோடு வந்தால் இஜிஆர் வால்வு மூடவில்லை. இரண்டு கோளாறும் ஒரே வண்டியில் இருப்பது அரிதல்ல.

புகை விட்டுச் சோதிக்கும் இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைகளும் உண்டு. இணைப்புகளில் வரும் நுண்கசிவுக்கு அது நல்லது. ஆனால் அதன் அழுத்தம் மிகக் குறைவு. என் ஹோஸில் இருந்தது போல உதடு மூடிக்கிடக்கும் வெடிப்பை அது திறக்காது. புகைச் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக எண்களைச் சந்தேகிக்காதீர்கள்.

இன்டர்கூலரையே முக்கிப் பார்த்தல்

ஹோஸ்களும் இணைப்புகளும் சரி, நுரை இன்டர்கூலர் பக்கம் பூக்கிறது என்றால் பம்பரைக் கழற்ற வேண்டியதுதான். கல் பட்ட பள்ளம், முன்பு வண்டி முட்டியபோது கோணிய சட்டம், அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சி மடங்கிய தகடுகள், இவற்றையெல்லாம் முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினிய உடலும் மடித்துக் கவ்வும் விளிம்புதான் பொதுவாகப் பலவீனமான இடம். சூடாகி ஆறி, சூடாகி ஆறி அங்கே கேஸ்கெட் இறுகிப்போகும்.

இதற்கு நான் போனது பஞ்சர் கடைக்கு. கம்ப்ரசர், அழுத்தமானி, தண்ணீர்த் தொட்டி மூன்றும் அங்கே இருக்கின்றன. கசிவைக் கண்டுபிடிப்பதே அவர்கள் தொழில். ஒரு வாயை முழுதாக அடைத்து, மறுவாயில் வால்வு வைத்த அடைப்பைப் போட்டுக் கிளாம்ப் இறுக்கி, 15 பிஎஸ்ஐ ஏற்றித் தொட்டியில் இறக்கினோம். தகடுகளுக்கிடையே சிக்கிய காற்று முதலில் குமிழியாக மேலே வரும். கடைக்காரப் பெரியவர் என் கையைத் தட்டி, “தம்பி, அவசரப்படாதீர்கள், அது வெளிக்காற்று” என்றார். ஒரு நிமிடம் அசைத்துவிட்டு அசையாமல் வைத்தால், அதன் பிறகும் ஒரே இடத்திலிருந்து நூல் பிடித்தது போல எழும் குமிழிதான் கசிவு. என் இன்டர்கூலரில் எதுவும் எழவில்லை. பெரியவர் காசு வாங்க மறுத்தார், டீ வாங்கிக் கொடுத்தேன்.

எதை மாற்றுவது, எதை ஒட்டுவது

முழு அலுமினிய இன்டர்கூலராக இருந்தால் நல்ல ரேடியேட்டர் கடையில் ஆர்கான் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். வெல்டிங்குக்கு முன் உள்ளிருக்கும் எண்ணெயைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பற்று நிற்காது. பிளாஸ்டிக் தொட்டி விளிம்பு கசிந்தால் மாற்றுவதே நல்லது. எபாக்சி பசை அங்கே ஒரு கோடைக்காலம்கூடத் தாங்காது. பழைய சாமான் கடையில் வாங்கினால், வாங்கும் முன் தொட்டியில் முக்கிப் பாருங்கள்.

ஹோஸை ஒட்டவே கூடாது. அளவு ஒத்துப்போகிறதே என்று ரேடியேட்டர் ஹோஸை வெட்டி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். தண்ணீருக்காகச் செய்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி உப்பும். டர்போவுக்கான ஹோஸின் உட்பூச்சே வேறு.

மாட்டும்போது குழாய் வாயையும் ஹோஸின் உட்புறத்தையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கிக்கொண்டு வரும். திருகுக் கிளாம்பை மூச்சைப் பிடித்து இறுக்காதீர்கள், தகடு ரப்பரை அறுக்கும். சொருகும் இணைப்பில் ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, கொக்கி “டக்” என்று விழுவதைக் கேளுங்கள். பிறகு ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால்

கழன்ற ஹோஸ் என்றால் துடைத்து மாட்டி, கிளாம்பை இறுக்கிப் போய்விடலாம். வெடிப்பு என்றால் எந்தச் சைக்கிள் கடையிலும் பழைய ட்யூப் கிடைக்கும். நீளமாகக் கிழித்து, வெடிப்புக்கு இருபுறமும் நாலு விரல் தாண்டி, இழுத்து இழுத்துச் சுற்றி, இரு முனையையும் கிளாம்பாலோ கேபிள் டையாலோ கட்டுங்கள். டேப் மட்டும் சுற்றினால் சூட்டில் பசை உருகி நழுவும். 2,000 சுற்றைத் தாண்டாமல், மேட்டில் கியரைக் குறைத்து, பொறுமையாக ஊர் போய்ச் சேரலாம்.

மாட்டிய பிறகு

குறியீட்டை அழித்துவிட்டு, அதே சாலையில் அதே மூன்றாம் கியர் ஓட்டத்தை மறுபடி ஓட்டுங்கள். என் வண்டியில் மேப் 221, மாஃப் 56. கணக்குப்படி 57.5 அளவில் வர வேண்டும். முதல் சில கிலோமீட்டரில் சேர்ந்திருந்த கரி கொஞ்சம் புகையாக வரும், பயப்பட வேண்டாம். டிபிஎஃப் உள்ள வண்டியில் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டி, அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள விடுங்கள்.

200 கிலோமீட்டர் கழித்து எல்லாக் கிளாம்பையும் ஒரு சுற்று பாருங்கள். புது ரப்பர் சூட்டில் ஒரு முறை அமுங்கும், பாதித் திருப்பாவது இடம் கொடுக்கும். என் வண்டியில் ஒன்றே கால் திருப்பு கொடுத்தது.